களிமண் எத்தனை ஆட்டம் தாங்கும்?

போன எபிசோடுக்கு வந்த மெசேஜ்களில் பாதி ஒரே கேள்விதான்: "சிவில் படிச்சிட்டு ஐடிக்கு வந்தவன்னு சொல்றீங்க, ஆனா சிவில் பற்றி ஒரு எபிசோடு கூட இல்லையே?" நியாயமான கேள்வி. அதனால் இன்றைக்கு பாலம் இல்லை, அணை இல்லை, உயரமான கட்டடம் இல்லை. களிமண். அதிலும் ஒரே ஒரு விஷயம். களிமண்ணை ஒரு தடவை அழுத்தினால் அது எவ்வளவு தாங்கும் என்பது ஒரு எண். அதே சுமையை ஐம்பது தடவை, ஐந்நூறு தடவை மாற்றி மாற்றிக் கொடுத்தால் எவ்வளவு தாங்கும் என்பது வேறு எண். இரண்டாவது எண்ணை லேபில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், அதை எவ்வளவு நம்பலாம்? இதுதான் இன்றைய கதை. சலிப்பா இருக்கும்னு நினைக்காதீங்க. இதற்குள் ஒரு துப்பறியும் கதை இருக்கிறது.

முதலில் அலாஸ்கா போகலாம். 1964 மார்ச் 27, புனித வெள்ளி, மாலை 5:36. ரிக்டர் காலத்து அளவுகளை எல்லாம் பிறகு திருத்திக் கணக்கிட்டதில் அந்த நிலநடுக்கத்தின் அளவு 9.2 என்று வந்தது. கருவிகளில் பதிவானவற்றில் இதைவிடப் பெரியது 1960-ல் சிலியில் வந்த ஒன்றுதான். ஆங்கரேஜ் நகரத்தில் தரை நான்கு நிமிடத்துக்கு மேல் ஆடியது. நான்கு நிமிடம் என்பது சொல்லும்போது சின்னதாகத் தெரியும். இந்த எபிசோடை பாஸ் பண்ணிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நான்கு நிமிடம் சும்மா உட்கார்ந்து பாருங்கள், அப்போது தெரியும்.

நகரத்தின் ஓரத்தில், கடலைப் பார்த்த மேட்டில், டர்னகைன் ஹைட்ஸ் என்று ஒரு குடியிருப்பு. வசதியானவர்கள் வாழ்ந்த இடம். உள்ளூர் நாளிதழான ஆங்கரேஜ் டெய்லி டைம்ஸின் ஆசிரியர் ராபர்ட் ஆட்வுட் அன்று வீட்டில் ட்ரம்பெட் வாசித்துப் பழகிக்கொண்டிருந்தார். தரை ஆட ஆரம்பித்ததும் வெளியே ஓடினார். வெளியே வந்த பிறகுதான் அவருடைய முற்றமே துண்டு துண்டாக உடைய ஆரம்பித்தது. ஒரு பிளவுக்குள் விழுந்து, மேலே ஏறி வந்து உயிர் பிழைத்தார். வீடு போய்விட்டது. அந்த ஒரே சரிவில் சுமார் 75 வீடுகள் அழிந்தன. மேட்டின் விளிம்பு நெடுக இரண்டரை கிலோமீட்டர் நீளத்துக்குத் தரை பிளந்து கடலை நோக்கி நகர்ந்தது.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. தரை ஆட ஆரம்பித்த உடனே அந்த மேடு சரியவில்லை. சுமார் இரண்டு நிமிடம் நின்றது. அதன் பிறகுதான் போனது. அதாவது முதல் குலுக்கலைத் தாங்கியது, பத்தாவது குலுக்கலையும் தாங்கியது. எத்தனையாவதிலோ கை விட்டுவிட்டது. மண் ஒரே அடியில் சாகவில்லை, எண்ணிக்கொண்டே இருந்தது.

அந்த மேட்டுக்கு அடியில் இருந்தது பூட்லெக்கர் கோவ் களிமண். பனியாறுகள் அரைத்துக் கொண்டுவந்து அமைதியான நீரில் படியவிட்ட களிமண். பக்கத்திலேயே ஆங்காங்கே மெல்லிய மணல் அடுக்குகளும் உண்டு. ஆக, யார் குற்றவாளி? களிமண்ணா, மணலா? இந்தக் கேள்விக்கு எப்படி விடை தேடினார்கள் என்று பார்ப்பதற்கு முன், களிமண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

களிமண் என்பது மிக நுண்ணிய தட்டுகள், நடுவில் தண்ணீர். மேலே ஒரு சுமை வைத்தால் அதில் ஒரு பங்கைத் தட்டுகளாலான எலும்புக்கூடு சுமக்கும், மீதியை நடுவில் இருக்கும் தண்ணீர் சுமக்கும். மண்ணின் வலிமை எலும்புக்கூடு சுமக்கும் பங்கிலிருந்துதான் வருகிறது. தண்ணீரின் அழுத்தம் ஏறினால் எலும்புக்கூட்டின் பிடி தளரும். இதைச் சொன்னவர் டெர்ஸாகி. மண் பொறியியல் என்ற துறையே இந்த ஒரு கழித்தல் கணக்கின் மேல்தான் நிற்கிறது.

ஒரு தடவை ஆட்டினால் தட்டுகள் கொஞ்சம் நெருங்கப் பார்க்கும். நெருங்க வேண்டுமென்றால் தண்ணீர் வெளியேற வேண்டும். மணலில் தண்ணீர் சீக்கிரம் போய்விடும். களிமண்ணில் போகாது. நாள் கணக்கு, மாதக் கணக்கு ஆகும். நிலநடுக்கத்துக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அதனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தண்ணீர் அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம் தங்கிக்கொண்டே போகும். நம்ம பாஷையில் மெமரி லீக். ஒரு ரிக்வெஸ்டுக்கு ஒன்றும் தெரியாது. ஆயிரமாவது ரிக்வெஸ்டில் சர்வர் உட்கார்ந்துவிடும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொன்றும் நடக்கிறது, அதையும் சொல்லணும். களிமண்ணை வேகமாகத் தள்ளினால் அது இன்னும் வலுவாக இருக்கும். கெட்டிப் பாகில் கரண்டியை மெதுவாக இழுத்தால் வந்துவிடும், வெடுக்கென்று இழுத்தால் பாகு பிடித்துக்கொள்ளும் இல்லையா, கிட்டத்தட்ட அந்த மாதிரி. சுமை ஏறும் வேகம் பத்து மடங்கானால் வலிமை சுமார் பத்து சதவீதம் கூடும் என்பது ஒரு தோராயக் கணக்கு. ஆகவே ஒரே ஒரு வேகமான ஆட்டத்துக்குக் களிமண் காட்டும் வலிமை, மெதுவாக அழுத்தும் சாதாரண டெஸ்டில் கிடைக்கும் வலிமையைவிட அதிகமாகவே இருக்கலாம். திரும்பத் திரும்ப ஆட்டும்போது இறங்கும், வேகத்தால் ஏறும். இந்த இரண்டுக்கும் நடக்கும் இழுபறியில் கடைசியில் எந்த எண் நிற்கும் என்பதை உட்கார்ந்து யோசித்துச் சொல்ல முடியாது. டெஸ்ட் பண்ணித்தான் ஆகணும்.

இந்த டெஸ்டுகளைப் பெரிய அளவில் ஆரம்பித்தவர்களில் முக்கியமானவர்கள் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் இருந்த ஹாரி போல்டன் சீட், கிளாரன்ஸ் சான். வேடிக்கை என்னவென்றால் அவர்கள் ஆரம்பித்தது நிலநடுக்கத்துக்காக இல்லை, ரோட்டுக்காக. 1950-களில் நெடுஞ்சாலைக்கு அடியில் இருக்கும் களிமண் மேல் லாரி திரும்பத் திரும்பப் போனால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. 1964-க்குப் பிறகு அதே யோசனை நிலநடுக்கத்தின் பக்கம் திரும்பியது. நிலநடுக்கச் சுமையில் களிமண்ணின் வலிமை பற்றிய அவர்களுடைய கட்டுரை 1966-ல் வந்தது. நிலநடுக்கத்தை லேபுக்குள் கொண்டுவந்து, ஒரு உருளை மண்ணின் மேல் எண்ணி எண்ணிப் போடலாம் என்ற எண்ணம் அங்கிருந்துதான் பரவியது.

சரி, டெஸ்டுக்கு வருவோம். பெயர் சைக்ளிக் ட்ரையாக்சியல். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒவ்வொரு படியிலும் எண் தப்பாகப் போக வாய்ப்பு இருக்கிறது.

முதலில் மண் எடுக்கணும். மெல்லிய சுவருள்ள இரும்புக் குழாயைப் போர் குழிக்குள் மெதுவாக இறக்கி, மண்ணை அப்படியே வெட்டி எடுக்கணும். மேலே வந்ததும் ஈரம் போகாமல் இரண்டு முனையிலும் மெழுகு ஊற்றி அடைப்பார்கள். வண்டியில் குலுங்காமல் லேப் வரைக்கும் வரணும். முட்டை ட்ரேயைக் கொண்டுபோவது போல. குழாயைத் திறப்பதற்கு முன் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் லேப்களும் உண்டு, உள்ளே விரிசல் இருக்கிறதா என்று.

அடுத்து, மண்ணைக் கம்பியால் செதுக்கி ஒரு சின்ன உருளையாக்கணும். உயரம் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு. 38 மில்லிமீட்டர் விட்டம், 76 மில்லிமீட்டர் உயரம் என்பது எல்லா காலேஜ் லேபிலும் பார்த்திருக்கக்கூடிய அளவு. இதைவிடப் பெரிய உருளைகளும் உண்டு. மேலும் கீழும் நுண்துளைக் கல், சுற்றிலும் மெல்லிய ரப்பர் உறை. இதை ஒரு கண்ணாடி போன்ற அறைக்குள் நிறுத்தி, அறையைத் தண்ணீரால் நிரப்பி அழுத்தம் கொடுப்பார்கள். மண் பூமிக்குள் இருந்தபோது நாலு பக்கமும் இருந்த அழுத்தத்தைத் திருப்பிக் கொடுப்பதுதான் நோக்கம்.

இதற்குப் பிறகு காத்திருப்பு. மண்ணில் ஒரு துளி காற்று கூட இருக்கக்கூடாது. காற்று இருந்தால் அது அமுங்கும், தண்ணீர் அழுத்தம் ஏறுவதை நாம் பார்க்கவே முடியாது. அதனால் உள்ளிருக்கும் தண்ணீருக்கே அழுத்தம் கொடுத்துக் காற்றைக் கரைக்கிறார்கள். கரைந்துவிட்டதா என்று பார்க்க ஒரு சின்ன சோதனை உண்டு. வெளி அழுத்தத்தை 100 கூட்டினால் உள்ளே தண்ணீர் அழுத்தம் குறைந்தது 95 கூடணும். கூடவில்லையா? இன்னும் காத்திரு. இதற்கே ஒரு நாள் போகலாம். அப்புறம் மண் அந்த அழுத்தத்துக்குப் பழகித் தண்ணீரை வெளியேற்றி அமைதியாக இன்னும் ஒரு நாள், சில நேரம் அதற்கும் மேல்.

இத்தனைக்கும் பிறகு வால்வை மூடிவிட்டு ஆட்டம் ஆரம்பம். மேலிருந்து ஒரு தண்டு அழுத்தும், இழுக்கும், அழுத்தும், இழுக்கும். நிலநடுக்கம் நொடிக்கு ஒரு ஆட்டம் என்ற கணக்கில் வரும். ஆனால் களிமண் டெஸ்டைப் பெரும்பாலும் பத்து நொடிக்கு ஒன்று என்ற வேகத்தில்தான் செய்கிறார்கள். காரணம் எளிது. தண்ணீர் அழுத்தத்தை அளக்கும் கருவி உருளையின் முனையில் இருக்கிறது. உருளையின் நடுவில் நடப்பது முனைக்குத் தெரியவே நேரம் ஆகும். வேகமாக ஆட்டினால் அளவு பொய் சொல்லும். அதனால் மெதுவாக ஆட்டி நம்பகமான அளவை எடுத்து, வேகத்தால் வரும் கூடுதல் வலிமையைப் பிறகு கணக்கில் சேர்க்கிறார்கள்.

எப்போது "தோற்றது" என்று சொல்வது? இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். தோல்வி என்று ஒரு சத்தமெல்லாம் வராது. உருளை கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து கொடுத்துக்கொண்டே போகும். அதனால் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். உருமாற்றம் 3 சதவீதம் தொட்டால் தோல்வி என்பது பல பேர் எடுத்துக்கொள்ளும் கோடு. 5 என்று வைப்பவர்களும் உண்டு. கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்து, அதே மண் 20 ஆட்டம் தாங்கியது என்றும் எழுதலாம், 40 தாங்கியது என்றும் எழுதலாம். யாராவது "இந்தக் களிமண் இத்தனை சைக்கிள் தாங்கும்" என்று சொன்னால் "எந்தக் கோட்டுக்கு?" என்று கேட்கணும்.

இவ்வளவு பாடுபட்டால் கிடைப்பது எவ்வளவு தெரியுமா? கிராஃபில் ஒரே ஒரு புள்ளி. இந்தச் சுமைக்கு இத்தனை ஆட்டம். உருளை செத்துவிட்டது, அதைத் திரும்பப் பயன்படுத்த முடியாது. அடுத்த புள்ளிக்கு அடுத்த உருளை, அடுத்த இரண்டு மூன்று நாள். ஒரு கோடு வரைய நாலைந்து புள்ளியாவது வேண்டும், அதுவும் எல்லாம் ஒரே மாதிரி மண்ணாக இருக்கணும். இயற்கை அப்படி அளவெடுத்துத் தைத்துக் கொடுப்பதில்லை.

ஆனால் அந்தக் கோடு கிடைத்துவிட்டால் அது சொல்லும் விஷயம் அபாரம். 2000-களில் போலாஞ்சர், இத்ரிஸ் என்ற இரண்டு பேர் பல களிமண் டெஸ்டுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஆட்டங்களின் எண்ணிக்கை 10-லிருந்து 100 ஆனால், மணல் தாங்கும் சுமை பாதிக்கும் கீழே போய்விடுகிறது. களிமண் தாங்கும் சுமை கால் பங்குக்குக் கொஞ்சம் மேல்தான் குறைகிறது. அப்போ களிமண் நல்லவன்தானே என்று தோன்றும். அதே கோட்டைத் திருப்பிப் படிங்க. சுமை பத்து சதவீதம் கூடினால் களிமண் தாங்கும் ஆட்டங்களின் எண்ணிக்கை பாதியாகிவிடும். இருபது சதவீதம் கூடினால் கிட்டத்தட்ட கால். மண் எடுக்கும்போது, செதுக்கும்போது, வண்டியில் குலுங்கும்போது வலிமைக் கணக்கில் பத்து சதவீதம் தப்பு வருவது பெரிய விஷயமே இல்லை. அந்தத் தப்பு ஆயுளில் இரண்டு மடங்குத் தப்பாக வந்து நிற்கிறது. மெழுகு, எக்ஸ்ரே, முட்டை ட்ரே எல்லாம் வெறும் சடங்கு இல்லை என்று இப்போ புரிந்திருக்கும்.

இன்னொரு ஆறுதலான விஷயமும் உண்டு. ஒரு எல்லைக்குக் கீழே ஆட்டினால் களிமண் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. உருமாற்றம் சதவீதத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தால், பெரும்பாலான களிமண்ணில் தண்ணீர் அழுத்தம் சேருவதே இல்லை. மணலுக்கு இந்த எல்லை இன்னும் மிகக் குறைவு. தினமும் ரயில் ஓடும் களிமண் கரைகள் வருடக்கணக்கில் நிற்பது இந்த எல்லைக்குள் இருப்பதால்தான். எல்லையைத் தாண்டும் கனமான வண்டி வந்தால் கதை வேறு.

இப்போ ஆங்கரேஜுக்குத் திரும்பலாம். 1967-ல் சீட், வில்சன் இருவரும் டர்னகைன் சரிவு பற்றி எழுதியபோது அவர்கள் விரல் நீட்டியது மணலை நோக்கி. களிமண்ணுக்குள் இருந்த மணல் அடுக்குகள் தண்ணீர் போல் ஆகி, மேலிருந்த எல்லாம் அதன் மேல் வழுக்கிப் போனது என்பது அவர்கள் வாதம். அந்தக் காலத்தில் அது மிக வலுவான வாதம். அதே 1964-ல் ஜப்பானின் நீகாட்டாவில் மணல் அப்படி ஆகி, அடுக்குமாடிக் கட்டடங்கள் முழுசாகச் சாய்ந்து படுத்திருந்த படங்கள் எல்லோர் மனதிலும் இருந்தன. பிறகு வந்தவர்கள் அதே இடத்தில் இன்னும் கவனமாகத் துளையிட்டு, சோதித்து, வேறு முடிவுக்கு வந்தார்கள்: மணல் அவ்வளவு தளர்ந்ததாக இல்லை, களிமண்ணில் இருந்த ஒரு உணர்திறன் மிக்க அடுக்கே ஆட்ட ஆட்டப் பலம் இழந்து அறுந்திருக்கிறது என்று.

உணர்திறன் என்றால் இங்கே ஒரு தனி அர்த்தம். சில களிமண்கள் அசையாமல் இருக்கும்வரை கெட்டி. ஒருமுறை கலங்கிவிட்டால் அந்தக் கெட்டித்தன்மையில் சின்னப் பங்குதான் மிஞ்சும். அப்படிப்பட்ட மண் ஒரு மேட்டின் ஓரத்தில் இருந்தால் இன்னும் ஆபத்து. ஏனென்றால் சமதளத்தில் ஆட்டம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சமமாகப் போய் வரும். சரிவில் மேட்டின் எடை ஏற்கெனவே கீழ்நோக்கி இழுத்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு ஆட்டத்திலும் கீழே இரண்டு அடி, மேலே ஒரு அடி. வங்கிக் கடன் வட்டி மாதிரி ஒரே பக்கமாகச் சேரும். லேபிலும் இதை அப்படியே செய்யலாம், முதலில் ஒரு நிலையான சாய்வுச் சுமையைக் கொடுத்துவிட்டு அதன் மேல் ஆட்டணும். சமதள டெஸ்டை மட்டும் பார்த்துவிட்டு சரிவுக்கு எண் எழுதுவது சரியில்லை என்பது என் கருத்து மட்டும் இல்லை, பாடப்புத்தகமும் அதையே சொல்லும்.

குற்றவாளி யார் என்பதில் ஏன் இவ்வளவு வாதம்? பதிலைப் பொறுத்து வைத்தியம் மாறும். மணல் என்றால் அதை இறுக்கலாம், தண்ணீர் வெளியேற வழி செய்யலாம். களிமண் என்றால் அது எடுபடாது. எதிரே எடை வைத்துத் தாங்கணும், இல்லை அங்கிருந்து தள்ளிப் போகணும். ஆங்கரேஜின் நாலாவது அவென்யூ பகுதியில் சரிந்த இடத்தில் சரளைக் கற்களால் ஒரு பெரிய தாங்குசுவர் போலக் கட்டினார்கள். டர்னகைனில் ஒரு பகுதி இன்று எர்த்குவேக் பார்க் என்ற பூங்கா. இன்னொரு பகுதியில் மறுபடியும் வீடுகள் வந்துவிட்டன. ஆமா, அதே சரிந்த மண்ணின் மேல். கடல் தெரியும் இடம் என்றால் மனிதனுக்கு மறதி சீக்கிரம் வரும்.

அடுத்த கதை துருக்கி. 1999 ஆகஸ்ட் 17, கோஜேலி நிலநடுக்கம். அடபஸாரி என்ற ஊரில் பல அடுக்குமாடி வீடுகள் தரைக்குள் இறங்கின, சில அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தன. கீழே இருந்தது சாதாரண மணல் இல்லை, வண்டலும் களியும் கலந்த நுண்மண். அந்தக் காலத்தில் உலகம் முழுக்கப் பொறியாளர்கள் கையில் ஒரு செக்லிஸ்ட் இருந்தது, "சைனீஸ் க்ரைடீரியா" என்று பெயர். 1975 ஹைசெங், 1976 டாங்ஷான் நிலநடுக்கங்களை ஒட்டிய சீன அனுபவத்திலிருந்து உருவாகி, 1980-களில் அமெரிக்கா வழியாக எல்லா இடத்துக்கும் பரவியது. மண்ணில் களித்துகள் 15 சதவீதத்துக்குக் குறைவாக இருக்கணும், லிக்விட் லிமிட் 35-க்குக் கீழே இருக்கணும், மண்ணின் ஈரம் அந்த லிமிட்டில் 90 சதவீதத்தைத் தாண்டணும். மூன்றும் சேர்ந்தால்தான் பயம், ஒன்று தப்பினாலும் பயமில்லை. டெஸ்ட் தேவையில்லை, கிளம்பு.

இதில் ஒரு அழகான பக் இருந்தது. சீனாவில் களித்துகள் என்றால் 0.005 மில்லிமீட்டருக்குக் கீழ். வேறு பல நாடுகளில் 0.002-க்குக் கீழ். லிக்விட் லிமிட் அளக்கும் கருவியும் வேறு. யூனிட் மாற்றாமல் கான்ஃபிக் ஃபைலைக் காப்பி பண்ணின கதை. ஆனால் யூனிட்டைச் சரி செய்தாலும் அடிப்படைப் பிரச்சினை தீரவில்லை. ஜொனாதன் ப்ரே, ரோடோல்ஃபோ சாஞ்சியோ ஆகியோர் அடபஸாரியில் இருந்து மண்ணை எடுத்து இதே சைக்ளிக் டெஸ்ட் செய்தார்கள். செக்லிஸ்டின் களித்துகள் விதிப்படி "பயமில்லை" என்று பாஸாகியிருக்க வேண்டிய மண், கட்டடங்களைச் சாய்த்திருந்தது. துகள் எவ்வளவு சின்னது என்பது முக்கியமே இல்லை, அது எவ்வளவு பிசுபிசுப்பானது என்பதுதான் முக்கியம் என்று 2006-ல் எழுதினார்கள். பாறையை மாவாக அரைத்தாலும் களி அளவுக்குச் சின்னதாகும், ஆனால் கையில் ஒட்டாது, பிள்ளையார் பிடிக்க வராது.

பிசுபிசுப்பை அளக்கும் எண்தான் பிளாஸ்டிசிட்டி இன்டெக்ஸ். சிவில் படித்த எல்லோருக்கும் இது தெரியும். இரண்டாம் வருட லேபில் பித்தளைக் கிண்ணம் ஒன்றில் மண் குழம்பைப் பூசி, நடுவில் ஒரு கோடு கிழித்து, கைப்பிடியைச் சுற்றினால் கிண்ணம் ஒரு சென்டிமீட்டர் ஏறி டொக் என்று விழும். 25 அடியில் கோடு மூடிக்கொண்டால் அந்த ஈரம்தான் லிக்விட் லிமிட். எங்கள் பேட்சில் பாதி பேர் 25-க்கு முன்னாடியே நிறுத்திவிட்டு ரீடிங் எழுதுவார்கள், அது தனிக் கதை. அப்புறம் அதே மண்ணை உள்ளங்கையில் உருட்டி 3 மில்லிமீட்டர் நூலாக்கி, அது பொடியும் ஈரத்தைப் பார்க்கணும், அது பிளாஸ்டிக் லிமிட். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இன்டெக்ஸ். முறுக்கு மாவுப் பதம் தெரிந்த யாருக்கும் இது புதுசு இல்லை.

ப்ரே, சாஞ்சியோ கணக்குப்படி இந்த இன்டெக்ஸ் 12-க்குக் கீழே இருந்து, மண்ணின் ஈரம் லிக்விட் லிமிட்டில் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எச்சரிக்கை. போலாஞ்சர், இத்ரிஸ் கோட்டை 7-ல் போடுகிறார்கள். 7-க்கு மேல் இருந்தால் அது மணல் போல நடக்காது, களிமண் போல நடக்கும், களிமண்ணுக்கான முறையில் சோதி என்கிறார்கள். இரண்டு தரப்பும் ஒன்றையொன்று மறுக்கிற மாதிரி தெரியும். உண்மையில் கேட்கிற கேள்வியே வேறு வேறு. ஒருவர் "ஆபத்தா?" என்று கேட்கிறார், இன்னொருவர் "எந்த டெஸ்ட் செய்யணும்?" என்று கேட்கிறார். இரண்டாவது கேள்வியில் "களிமண் போல" என்று விடை வந்தால் "பத்திரம்" என்று அர்த்தம் இல்லை. ஆங்கரேஜ் மண் களிமண்தான்.

பிசுபிசுப்பு எல்லையில்லாமல் ஏறினால்? அதற்கு மெக்சிகோ சிட்டி. பழைய ஏரிப்படுகை மேல் கட்டிய நகரம். அந்தக் களிமண்ணில் ஈரம் 300 சதவீதத்தைத் தாண்டும், அதாவது ஒரு கிலோ காய்ந்த மண்ணுக்கு மூன்று கிலோ தண்ணீர். இப்படிப்பட்ட மண் ஆட்டத்தில் பலம் இழக்கவே இல்லை, ரப்பர் போல வளைந்து திரும்பி வந்தது. ஆனால் 1985 செப்டம்பர் 19 அன்று, 350 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி வந்த நிலநடுக்கத்தின் அலையை அந்த ரப்பர் பலமடங்கு பெருக்கி, சுமார் 2 நொடிக்கு ஒரு ஆட்டமாக மேலே இருந்த கட்டடங்களுக்குக் கொடுத்தது. ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். மண் டெஸ்டில் பாஸானதே பிரச்சினை.

நிலநடுக்கத்தைவிடப் பொறுமையான எதிரி கடல் அலை. வட கடலில் எண்ணெய் எடுக்க நார்வேக்காரர்கள் பிரம்மாண்டக் கான்கிரீட் மேடைகளை 1970-களில் இருந்து கடலடி மண் மேல் நிறுத்தினார்கள். ஒரு புயலில் பல மணி நேரம், ஆயிரக்கணக்கான அலைகள், ஒவ்வொன்றும் மேடையைத் தள்ளும். ஆஸ்லோவில் உள்ள நார்வே ஜியோடெக்னிக்கல் இன்ஸ்டிடியூட்டில் இதற்காக டிராமென் என்ற ஊரின் களிமண்ணை எடுத்து வருடக்கணக்கில் ஆட்டிக்கொண்டே இருந்தார்கள். எல்லா அலையும் ஒரே அளவில் வராது என்பதால், சின்ன அலைகள் சேர்த்த சேதத்தைப் பெரிய அலைகளின் எண்ணிக்கையாக மாற்றும் முறையை உருவாக்கினார்கள். டிரால் ஏ என்ற மேடை 472 மீட்டர் உயரம், 303 மீட்டர் ஆழத்தில் மென்மையான களிமண்ணில் 36 மீட்டர் ஆழத்துக்குப் பாவாடை போன்ற சுவர்களை இறக்கி 1995-ல் நிறுத்தினார்கள். இன்றும் நிற்கிறது. இன்று கடல் காற்றாலைகளுக்கு அஸ்திவாரம் போடுபவர்கள் தொடங்குவதும் இந்த டெஸ்டுகளில் இருந்துதான். தமிழ்நாட்டுக் கடற்கரைக்கு வெளியேயும் மத்திய அரசு காற்றாலை மண்டலங்களை அடையாளம் கண்டிருக்கிறது, ஆக இந்த வேலை நம்ம பக்கமும் வரும்.

கடைசியாக ஒரு விஷயம், ஃபிளாட் வாங்கப் போகிறவர்களுக்கு. 2002-ல் நிலநடுக்க விதிகளைத் திருத்தியபோது சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாறியது. பில்டரிடம் சாய்ல் ரிப்போர்ட் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அதுவே ஒரு தகவல். அதில் போர் குழி ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டவணை இருக்கும். ஈரம், லிக்விட் லிமிட், பிளாஸ்டிக் லிமிட் என்று மூன்று காலம் தேடுங்க. ஈரத்தை லிக்விட் லிமிட்டால் வகுங்க, இரண்டு லிமிட்டையும் கழிங்க. 0.85-க்கு மேலே, 12-க்குக் கீழே என்று இரண்டும் ஒரே வரிசையில் வந்தால், அஸ்திவாரம் அந்த அடுக்கைத் தாண்டிக் கீழே போகிறதா என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கேளுங்கள். பைல் போட்டு கெட்டி அடுக்கில் நிறுத்தியிருந்தால் நல்ல பதில் கிடைக்கும். இது தீர்ப்பு இல்லை, கேட்க வேண்டிய கேள்வி, அவ்வளவுதான். அந்த மூன்று காலமும் காலியாக இருந்தால் அதையும் கேளுங்கள்.

உங்கள் ரிப்போர்ட்டில் ஏதாவது புரியவில்லை என்றால் பெயர், முகவரியை மறைத்துவிட்டு அட்டவணையை மட்டும் அனுப்புங்க, அடுத்த கேள்வி-பதில் எபிசோடில் சேர்ந்து படிக்கலாம்.